நாணல்கோழிக் கணக்கு

ஜனவரி 8

அன்புள்ள நத்தைக்கு,

அக்கா எழுதுகிறேன். நான் சௌக்கியம். முழங்கால் மட்டும் ஆபீஸின் மூன்று மாடிப் படியைப் பார்த்ததும் மூஞ்சியைத் திருப்பிக்கொள்கிறது. உன் இருமல் எப்படி இருக்கிறது? ஈரச் சட்டையோடு உட்காராதே என்று சொல்லிச் சொல்லி என் வாய்தான் வலிக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். நம் மாநிலத்துக்குச் சின்னங்கள் வேண்டும் என்று மேலே முடிவாகியிருக்கிறது. ஒரு விலங்கு, ஒரு மரம், ஒரு பூ, ஒரு மீன், ஒரு பறவை. எல்லாம் நம் மண்ணிலேயே இருப்பதாக இருக்க வேண்டும், இன்னும் உயிரோடு இருப்பதாகவும் இருக்க வேண்டும். எங்கள் பிரிவில் ஆளுக்கு ஒரு கோப்பு. மீன் கோப்பு வைத்திருப்பவர் பாடு திண்டாட்டம். ருசியான மீனைச் சொன்னால் "சின்னத்தையே பொரிச்சுத் தின்பாங்களா?" என்கிறார்கள். ருசியில்லாததைச் சொன்னால் "அது யாருக்குத் தெரியும்?" என்கிறார்கள். பறவைக் கோப்பு என் மேஜைக்கு வந்தது. வந்த அன்றே நாணல்கோழி என்று எழுதிவிட்டேன்.

எங்கள் கண்காணிப்பாளருக்கு மீன்கொத்தி மேல்தான் கண். "பஸ்ஸுல வரைஞ்சா எடுப்பா இருக்கும்மா. உங்க கோழி மண்ணு நிறம். அதுவும் யார் கண்ணுலயும் படாதாமே" என்றார்.

"கண்ணுல படாது சார், காதுல விழும். விடியற்காலையில கரையில நின்னு அது மாதிரியே விசிலடிச்சா நாணலுக்குள்ள இருந்து பதில் சொல்லும். அந்தப் பதிலை எண்ணணும். பதினாறு வருஷமா ஏரிக் காவலர்களா இருந்து என் வீட்டுக்காரர் வடக்குக் கரையில, என் தம்பி தெற்குக் கரையில நின்னு எண்ணியிருக்காங்க" என்றேன். மனிதர் பேனாவை மூடி வைத்துவிட்டுக் காது கொடுத்துக் கேட்டார்.

போன மார்ச்சில் உன் அத்தான் அந்த ஏரியில் மூழ்கிப் போனதைப் பற்றி இலாகா விசாரணை எழுதியது ஒரே வார்த்தை: கவனக்குறைவு. எனக்குக் கருணை அடிப்படையில் இந்த வேலையைக் கொடுத்த உத்தரவும் அதே கோப்பில்தான் இருக்கிறது. அது இருக்கிற அலமாரியைத் தினமும் திறக்கிறேன். அவர் எண்ணிய பறவை மாநிலப் பறவை ஆகிவிட்டால், அந்த வார்த்தையை அடித்துவிட்டு வேறு எழுதுங்கள் என்று கேட்க எனக்கும் வாய் வரும்.

அதனால் இரண்டு கரைப் பதிவேடுகளையும் அனுப்பு. கூடவே இந்த வருஷம் புதிதாக எண்ணி, பறவை உயிரோடு இருக்கிறது என்று உன் கையெழுத்தும் வேண்டும். மார்ச் கடைசி வரை அவகாசம் இருக்கிறது. நத்தையே, கொஞ்சம் வேகமாக ஊர்ந்து வா.

உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா

ஜனவரி 24

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி வணக்கம். இருமல் தேவலை. உன் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு, படியில் பாதியில் நின்று மூச்சு வாங்கிக்கொள்.

இரண்டு கரைப் பதிவேடுகளையும் துணியில் சுற்றிப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். போன மூன்று வருஷக் கணக்கு பதினொன்று, ஒன்பது, பன்னிரண்டு. அத்தான் கையெழுத்து சில இடத்தில் தண்ணீர் பட்டுக் கலைந்திருக்கிறது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் படிக்கலாம்.

இந்த வருஷக் கணக்கு இன்னும் ஆகவில்லை. காற்று அதிகம். தண்ணீரும் ஏறியிருக்கிறது. குவார்ட்டர்ஸில் கூரை ஒழுகுகிறது, வாளி வைத்திருக்கிறேன். அத்தானுடைய பூட்ஸ் இன்னும் கதவுக்குப் பின்னால்தான் இருக்கிறது. யாருக்காவது கொடுத்துவிடவா, வேண்டாமா என்று நீ சொல்லவே இல்லை.

மீன்கொத்தியும் மோசமில்லை அக்கா. எல்லாருக்கும் தெரிந்த பறவை.

நேரத்துக்குச் சாப்பிடு.

தம்பி

பிப்ரவரி 5

அன்புள்ள தம்பிக்கு,

பார்சல் பத்திரமாக வந்தது. நான் நலம், ஒத்தடமும் கொடுக்கிறேன். நீ நலமா என்று கேட்கவே பயமாக இருக்கிறது. மீன்கொத்திக்கு வக்காலத்து வாங்குகிறாயே, காய்ச்சலா?

படம் வரைய ஓர் ஓவியர் வந்திருந்தார். நாணல்கோழிக்கு ஒரு போட்டோகூட இல்லை. மியூசியத்திலிருந்து பஞ்சு அடைத்த பழைய கோழி ஒன்றை அட்டைப் பெட்டியில் கொண்டு வந்தார்கள். கண் இருந்த இடத்தில் வெள்ளைப் பஞ்சு. "இதுக்குக் கண்ணு என்ன நிறம்மா?" என்று ஓவியர் என்னைக் கேட்டார். எனக்கு எப்படித் தெரியும்? உன் அத்தான் சிவப்பு என்பார், நீ பழுப்பு என்பாய், இரண்டு பேருமே சரியாகப் பார்த்ததில்லை என்று நான் சிரிப்பேன். சிவப்பு என்று சொல்லிவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே.

ஆபீஸ் ஒலிக்கூடத்தில் நாணல்கோழியின் குரல் பதிவான கேசட் ஒன்று இருக்கிறதாம். ஆறு வருஷத்துக்கு முன்னால் யாரோ வந்து பதிவு செய்தார்களாம். நாளைக்குப் போய்க் கேட்கப் போகிறேன்.

காற்று எப்போதும்தான் அடிக்கும். போய் எண்ணு. பூட்ஸ் அங்கேயே இருக்கட்டும்.

அக்கா

மார்ச் 2

தம்பிக்கு,

நலம்தானே? ஒரு மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. நேற்று ஏரிப் பக்கத்து பஸ் டிரைவரை இங்கே டிப்போவில் பார்த்தேன். "தம்பியா? காலையில வெளியிலயே காணோமே. விடிஞ்சு வெயில் வந்தப்புறம்தான் கதவைத் திறக்கிறாப்ல" என்றார். விடிவதற்கு முன்னால் எழுந்து எங்களையும் தூங்கவிடாமல் பாத்திரத்தை உருட்டுகிற ஆள் நீ. என்னடா ஆச்சு?

கண்காணிப்பாளர் இன்று காலையும் கேட்டார். "உங்க தம்பி கையெழுத்து வரலைன்னா மீன்கொத்திதாம்மா. நான் ஒண்ணும் பண்ண முடியாது." அவரைச் சொல்லிக் குற்றமில்லை. என்னிடம் எதையாவது மறைக்கிறாயா? எனக்கு இந்த உலகத்தில் மிச்சம் இருப்பது நீ ஒருத்தன்தான். கேட்கிற உரிமை எனக்கு இருக்கிறது.

அக்கா

மார்ச் 9

அன்புள்ள அக்காவுக்கு,

கோபப்படாதே. உடம்புக்கு ஒன்றுமில்லை. உன் உடம்பும் நன்றாக இருக்க வேண்டும்.

ஒரு வருஷமாக நான் விசிலடிக்கவே இல்லை. அதுதான் விஷயம்.

அத்தானை அடக்கம் செய்து, உன்னை பஸ் ஏற்றிவிட்ட மறு வாரம் எண்ணப் போனேன். நான்கு இடத்தில் நின்று விசிலடித்தேன். வடக்கிலிருந்து ஒரு பதிலும் இல்லை. பதினாறு வருஷத்தில் அப்படி ஓர் அமைதியை நான் கேட்டதில்லை. மூன்று நாள் தொடர்ந்து போனேன். ஒன்றுமில்லை.

நான்காம் நாள் ஒரு பதில் வந்தது. வடக்கிலிருந்து இல்லை, என் பக்கத்து நாணலுக்குள்ளிருந்து. பத்தடி இருக்கும். நாணல் அசையவில்லை. திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். அதற்குப் பிறகு விடியற்காலையில் கரைக்குப் போக எனக்குத் தைரியம் வரவில்லை. நான் விசிலடிக்காமலே சில நாள் அது ஜன்னல் வழியாகக் கேட்கிறது.

ஒன்று என்று எழுதி அனுப்பட்டுமா? நீயே சொல்.

தம்பி

மார்ச் 14

அன்புள்ள என் நத்தைக்கு,

மக்குப் பயலே! ஒன்று போதும்டா. எத்தனை இருக்க வேண்டும் என்று உத்தரவில் எங்கேயும் இல்லை, உயிரோடு இருக்கிறது என்றுதான் இருக்கிறது. ஒரே ஒரு கோழி மிச்சம் என்றால் கண்காணிப்பாளரே கண்கலங்கிக் கையெழுத்துப் போட்டுவிடுவார். அத்தான் போன இடத்தில் தனியாக நிற்கப் பயமாக இருந்திருக்கும், அது எனக்குப் புரிகிறது. டிரைவரைக் கூட்டிக்கொண்டு போ. பகலில் நன்றாகச் சாப்பிடு, தூங்கு.

ஒன்று என்று எழுது. தேதி போடு. கையெழுத்துப் போடு. வேறு எதையும் யோசிக்காதே.

அக்கா

மார்ச் 23

அக்காவுக்கு,

நலம். நீயும் நலமாக இருக்க வேண்டும். இந்தக் கடிதத்தை ஆபீஸில் பிரிக்காதே. அறைக்குப் போய், உட்கார்ந்து படி.

எண்ணும் விதி உனக்குத் தெரியாது. ஒரு நாள் ஒரு கரைதான் எண்ண வேண்டும். தெற்கு இன்று என்றால் வடக்கு நாளை. இலாகா கொடுத்த சிறு புத்தகத்தில் முதல் பக்கத்திலேயே இருக்கிறது. நாங்கள் முதல் வருஷம் அப்படித்தான் செய்தோம். அப்புறம் ஏனோ இருவரும் ஒரே நாளில் போக ஆரம்பித்தோம். ஏரி முக்கால் மைல் அகலம், நடுவில் நாணல், மேலே பனி. என்ன ஆகிவிடும் என்று நினைத்தோம்.

அக்கா, அத்தான் போன பிறகு வடக்கு அமைதியாக இருந்ததே, அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. பதினைந்து வருஷமாக நான் எண்ணியது அவரை. அவர் எண்ணியது என்னை. நான் நான்கு இடத்தில் நின்று அடித்தால் அவருக்கு நான்கு கோழி. அவர் இடம் மாறினால் எனக்கு இன்னொரு கோழி. முதல் வருஷத்துப் பக்கத்தைப் பார், உன்னிடம்தான் இருக்கிறது. ஒரு நாளுக்கு ஒரு கரை எண்ணியபோது தெற்கில் இரண்டு, வடக்கில் ஒன்று. ஒரே நாளில் போக ஆரம்பித்ததும் ஒன்பது, பத்து. பறவை பெருகுகிறது என்று மேலிடத்திலிருந்து பாராட்டுக் கடிதம்கூட வந்தது. கண்ணாடி போட்டு மாட்டினோம்.

இதோடு முடிந்தால் பரவாயில்லை.

போவதற்கு முந்தின நாள் அத்தான் என்னிடம் சொன்னார். "டேய், பல வருஷமா ஒண்ணு மட்டும் என் விசிலுக்குத் தப்பாம பதில் சொல்லுது. பழகின குரல் மாதிரி இருக்கு. நாளைக்குக் கிட்டப் போய்க் கண்ணால பாத்துடறேன். உங்கக்காகிட்ட சொல்லாத, திட்டுவா." நானும் சிரித்துக்கொண்டே சரி என்றேன்.

மறுநாள் காலை நான் விசிலடித்தேன். வடக்கிலிருந்து பதில் வந்தது. மறுபடி அடித்தேன். பதில் கொஞ்சம் கிட்டே வந்தது. எந்தக் கோழியும் அப்படி என்னை நோக்கி வந்ததில்லை. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நாணலைவிட்டு வெளியே வரட்டும், இன்றைக்காவது கண் நிறத்தைப் பார்த்துவிடலாம் என்று விடாமல் கூப்பிட்டேன். அவர் கிட்டப் போகிறேன் என்று சொன்னதும், எனக்குக் கிட்ட வருவதும் ஒன்று என்று என் மண்டைக்கு உறைக்கவே இல்லை. நடு ஏரியில் ஆள் மூழ்குகிற சேறு. பதில் நின்றது. பயந்துபோய் ஓடிவிட்டது என்று நினைத்தேன். பதிவேட்டில் "ஒன்று, மிக அருகில்" என்று எழுதிவிட்டு வீட்டுக்கு வந்தேன். அந்தப் பக்கமும் உன்னிடம் இருக்கிறது.

நான்தான் அவரைக் கூப்பிட்டேன் அக்கா. விசாரணையில் யாரும் என்னைக் கேட்கவில்லை. புரிந்த பிறகும் நான் சொல்லவில்லை. நீ ஒன்று என்று எழுதச் சொன்னால் எழுதுகிறேன். எதைப் பார்த்து எழுதுகிறேன் என்று நீ தெரிந்துகொண்டு சொல்.

தம்பி

ஏப்ரல் 16

அக்காவுக்கு,

உன் கடிதம் வரவில்லை. எதிர்பார்க்கவும் எனக்கு அருகதை இல்லை. உடம்பு எப்படி இருக்கிறது என்று மட்டும் ஒரு கார்டு போடு. திட்டி எழுதினாலும் சரி.

கூரையைச் சரி செய்துவிட்டேன். காலையில் இன்னும் கேட்கிறது. காதில் பஞ்சு வைத்துக்கொள்கிறேன்.

தம்பி

மே 3

தம்பிக்கு,

உயிரோடு இருக்கிறேன். முழங்காலும் அப்படியேதான் இருக்கிறது. உன் இருமல் நின்றிருந்தால் சரி.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் ஆபீஸ் போகவில்லை. உன்னை நினைத்தாலே ஆத்திரமாக வந்தது. பிறகு என்னை நினைத்தால் அதைவிட. பதில் எழுத எடுத்த காகிதங்களை எல்லாம் கிழித்துப் போட்டேன்.

"ஏனோ" ஒரே நாளில் போக ஆரம்பித்தோம் என்று எழுதியிருக்கிறாய். ஏன் என்று உனக்குத் தெரியாதா? "ஒருத்தர் இன்னைக்கு, ஒருத்தர் நாளைக்குன்னு ஆளுக்கு ஒரு நேரம் வந்து நின்னா நான் எத்தனை தடவைடா அடுப்பைப் பத்த வைக்கிறது? ரெண்டு பேரும் சேர்ந்து போய்ச் சேர்ந்து வாங்க, சூடா ஒரே தடவை போடறேன்" என்று கத்தியது யார்? நீ அந்த ஒரு வார்த்தையில் என்னைக் காப்பாற்றப் பார்த்திருக்கிறாய். எனக்கு அது தெரியாமல் போய்விடும் என்றா நினைத்தாய்?

நானும் ஒன்றை மறைத்தேன். பிப்ரவரி ஆறாம் தேதி அந்தக் கேசட்டைக் கேட்டேன். காதில் மாட்டிக்கொண்டு பட்டனை அமுக்கினேன். முதல் விசிலிலேயே அது கோழி இல்லை, உன் அத்தான் என்று தெரிந்துவிட்டது. சோடா பாட்டிலைப் பல்லால் திறந்து அவருக்கு முன்பல் உடைந்ததே, அதற்குப் பிறகு அவர் விசிலின் கடைசியில் 'ஸ்ஸ்' என்று ஒரு காற்றுச் சத்தம் வரும். ஏரியின் அகலத்துக்கு அது உனக்குக் கேட்டிருக்காது. அடுப்படியில் அவர் அடிக்கும்போது தினமும் கேட்டவள் நான். கேசட் மேல் எழுதியிருக்கிறது: "நாணல்கோழி. ஆண் அழைப்பு, வடக்குக் கரை. பெட்டை பதில், தெற்குக் கரை." உன்னை இலாகா பெட்டைக் கோழி என்று எழுதி வைத்திருக்கிறதடா. அந்த நிலையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது.

கோழி இல்லை என்று அன்றைக்கே எனக்குத் தெரியும். தெரிந்தும் கோப்பை மேலே தள்ளினேன். மாநிலப் பறவை என்று ஆனால் அதன் குரலைத் தினமும் காலைச் செய்திக்கு முன்னால் ரேடியோவில் போடப் போகிறார்கள். ஊர் முழுக்க அவரைக் கேட்கட்டும் என்று நினைத்தேன். நான் தினமும் கேட்கலாம் என்று நினைத்தேன். அந்த ஆசையில்தான் உன்னை அப்படி விரட்டினேன். அவர் கடைசியில் உன் குரலைத் தேடித்தான் வந்தார் என்பது மட்டும் எனக்குத் தெரியாது. ஒரு வருஷமாக அவர் யாருமில்லாமல் போனார் என்று அழுதுகொண்டிருந்தேன். பழகின குரல் என்றாரே, அது நீதான். அவருக்கு அது தெரியாமலே போய்விட்டது. உன்னை மன்னிக்கிறேனா என்று கேட்காதே. எனக்கே தெரியவில்லை. ஆனால் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு நீ தனியாக உட்கார்ந்திருப்பதை என்னால் தாங்க முடியவில்லை.

மீன் சண்டை தீராததால் எல்லாக் கோப்புக்கும் மே கடைசி வரை அவகாசம் நீட்டியிருக்கிறார்கள். அதனால் ஒரே ஒரு தடவை கரைக்குப் போ. விசிலடி. பத்தடி தூரத்தில் வருகிறது என்றாயே, கடைசி வரை காது கொடுத்துக் கேள். முடிவில் காற்றுச் சத்தம் இல்லாமல் சுத்தமாக இருந்தால் அது பறவை. ஒன்று என்று எழுதி அனுப்பு, தலைநிமிர்ந்து கோப்பில் வைக்கிறேன். 'ஸ்ஸ்' என்று இழுத்தால் எண்ணாதே. அவரைப் பதிவேட்டில் ஏற்ற இனி யாருக்கும் உரிமை இல்லை.

பயமாக இருந்தால் போக வேண்டாம். ஆனால் எழுது.

அக்கா

மே 12

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்த அன்று ஒரு வருஷத்துக்குப் பிறகு முழுத் தூக்கம் தூங்கினேன். நான் நலம். நீ நலமாக இருக்கிறாய் என்று படித்ததே போதும்.

இத்துடன் இரண்டு காகிதம் வைத்திருக்கிறேன். ஒன்று விசாரணைக் கோப்புக்கு. வடக்குக் கரைக் காவலரான என் அத்தான் கவனக்குறைவால் போகவில்லை, என் விசிலைப் பறவை என்று நம்பி, பதில் சொல்லிக்கொண்டே வந்தார், விதியை மீறி ஒரே நாளில் எண்ணியதில் எனக்கும் பங்கு உண்டு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். உன் அடுப்பைப் பற்றி அதில் இல்லை. வேலை போனால் போகட்டும், நீ அதைக் கண்காணிப்பாளர் கையில் கொடுத்துவிடு.

மற்றது இந்த வருஷக் கணக்கு. திங்கட்கிழமை விடியற்காலை தெற்கு, மறுநாள் வடக்கு என்று விதிப்படி தனியாகப் போனேன். டிரைவரைக் கூப்பிடவில்லை. காதிலிருந்து பஞ்சை எடுத்துவிட்டு, நீ சொன்னபடி கடைசி வரை கேட்டேன். நாணல்கோழி, தெற்குக் கரை: பூஜ்யம். வடக்குக் கரை: பூஜ்யம். தேதி போட்டிருக்கிறேன். பஸ்ஸில் மீன்கொத்தியையே வரையட்டும்.

மூன்று தடவை விசிலடித்தேன் அக்கா. மூன்று தடவையும் பதில் வந்தது.

உன் தம்பி